கண்ணை மூடினால் போதாது! மின்னும் வெளிச்சம் மூளையைப் பிடித்து ஆட்டுவது எப்படி?

[திரை கறுப்பாகவே இருக்கிறது. குரல் மட்டும்.]

1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மாலை. ஜப்பான் முழுவதும் பிள்ளைகள் டிவி முன் உட்கார்ந்து போகிமான் என்ற கார்ட்டூன் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் ஒரு வெடிப்புக் காட்சி. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று நொடிக்குச் சுமார் 12 முறை திரை மின்னுகிறது. சில நொடிகள்தான். வலிப்பு போன்ற தொல்லைகளோடு அன்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 685 பேர். செய்தியில் அதே காட்சியை மறுபடியும் போட்டார்கள். அதைப் பார்த்தும் சிலர் விழுந்தார்கள்.

அந்தக் காட்சியை இந்த வீடியோவில் காட்டமாட்டேன். நீங்களும் தயவுசெய்து தேடிப் பார்க்காதீர்கள்.

[அலைக்கோடு ஒன்று மெல்ல ஓடுகிறது.]

1924இல் ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. நாம் நேராக 1934க்குப் போய்விடலாம், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன். ஏற்கனவே நோபல் பரிசு வாங்கியவர். தன் தலையிலேயே மின்முனைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினால் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் அழகான அலை. திறந்தால் அலை காணாமல் போகிறது. கண் மூடியிருக்கும்போதே கடினமான மனக்கணக்குப் போட்டாலும் போய்விடுகிறது! வேலையில்லாத வகுப்பு ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வதைப் போல, பார்ப்பதற்கு எதுவும் இல்லாத நரம்பணுக்கள் ஒன்றாக ஆடுகின்றன. வேலை வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுகின்றன. நொடிக்கு 8 முதல் 13 வரை வரும் இந்தத் தாளத்துக்குப் பெயர் ஆல்ஃபா.

அடுத்து ஏட்ரியனும் பிரையன் மாத்யூஸும் கண்ணெதிரே வெளிச்சத்தை மின்னவிட்டார்கள். மூளையின் அலை வெளிச்சத்தின் வேகத்தைப் பின்தொடர்ந்து ஓடியது.

இதை ஊஞ்சலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். குழந்தை உட்கார்ந்த ஊஞ்சல் திரும்பி வந்து உங்கள் உள்ளங்கையைத் தொடும் கணத்தில் விரல் நுனியால் தள்ளினாலே உயரப் போகும். பாதி வழியில் குறுக்கே கைநீட்டினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் தடுமாறித்தான் நிற்கும். ஊஞ்சலுக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது. மூளைக்கும் அப்படித்தான். 2001இல் கிறிஸ்டோஃப் ஹெர்மன் நொடிக்கு 1 முதல் 100 வரை ஒவ்வொரு வேகமாக வெளிச்சத்தை மின்னவிட்டுப் பார்த்தார். 10, 20, 40, 80 ஆகிய வேகங்களின் அருகில் மூளையின் பதில் மேடுகட்டி நின்றது. எவ்வளவு அழகு, பாருங்கள்! மூளையின் சொந்தத் தாளமே இழுபடுகிறதா, ஒவ்வொரு மின்னலுக்கும் எழும் தனித்தனிப் பதில்கள்தான் அடுக்கடுக்காகச் சேர்கின்றனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

பஸ் ஜன்னலோரம் கண்ணை மூடியிருக்கும்போது, மரங்களுக்கு இடையே வெயில் விட்டுவிட்டு விழுந்து, இமைக்குள் வண்ணக் கோலங்கள் தெரிந்திருக்கிறதா? 1958இல் மார்செய்க்கு பஸ்ஸில் போன ஓவியர் பிரையன் கைசினுக்கும் தெரிந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான், சுழன்று மின்னும் ஒரு விளக்குக் கருவி பிறந்தது.

நொடிக்கு 40 முறை மின்னும் வெளிச்சம் அல்சைமர் நோய்க்கு உதவுமா என்று, 2016இல் எலிகளிடம் கிடைத்த முடிவைத் தொடர்ந்து மனிதர்களிடமும் சோதிக்கிறார்கள். விளம்பரத்தை நம்பி இப்போதே கருவி வாங்காதீர்கள்.

[குரல் தாழ்கிறது.]

இப்போது முக்கியமான விஷயம். ஏறத்தாழ நாலாயிரம் பேரில் ஒருவருக்கு மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வரலாம். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும்தான் இது தெரியவருகிறது. அன்று ஜப்பானில் வலிப்பு வந்த பலருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. நொடிக்கு 15 முதல் 25 வரை மின்னுவதும், அடர்ந்த சிவப்பும் அதிக ஆபத்து. கண்ணை மூடுவது போதாது. இமை வழியே வெளிச்சம் உள்ளே போகும்.

[உள்ளங்கை ஒரு கண்ணை முழுவதும் மறைக்கிறது.]

இப்படி உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை முழுதாக மூடுங்கள், வெளிச்சம் கசியக்கூடாது. முகத்தை வெளிச்சத்திலிருந்து வேறு பக்கம் திருப்புங்கள். ஒரு கண் மறைந்தாலே, தூண்டப்படும் நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். இந்தப் பத்து நொடியை மட்டுமாவது பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அனுப்புங்கள்.