இன்ஜின் கடைசியில் இருந்த ரயில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயது விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று உதகை நிலையத்தார் கூப்பிட்டார்கள். கோலி, பம்பரம், கில்லி, பச்சைக்குதிரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தால், அது எந்த ஊர்க்காரரும் சொல்லக்கூடிய பட்டியல். மடித்துப் பையில் போட்டுவிட்டேன். நான் குன்னூர்க்காரன். 1980-களில் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தவன். எங்கள் விளையாட்டுக்கெல்லாம் சட்டம் போட்டது மலைச்சரிவுதான். அதைச் சொல்கிறேன்.

கோலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்நாட்டுப் பையன் குழி தோண்டுவான், உருட்டுவான், ஆட்டம் நடக்கும். எங்கள் தெருவில் கோலி குழிக்குப் போகாது, கீழ்த்தெருவுக்குப் போகும். மட்டமான இடம் என்று இருந்தது குழாயடிச் சிமெண்டுத் திட்டு ஒன்றுதான். அங்கே குழி எப்படித் தோண்டுவது? சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டோம். தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் போச்சு. குடத்தோடு வரிசை நிற்கும் அக்காமார் எங்களை விரட்டிவிடுவார்கள். கிரிக்கெட்டில், பந்து கீழ்ப்பக்கம் போனால் அவுட். அதோடு அடித்தவனேதான் தேயிலைக்குள் இறங்கித் தேடி எடுத்து வரவேண்டும். அதனால் எங்கள் தெருவில் தூக்கி அடிக்கத் தெரிந்த ஒருத்தன்கூட உருவாகவில்லை.

இனி ரயில் விளையாட்டு. எல்லா ஊரிலும் உண்டு, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கூக்கூ என்று ஓடுவது. மே மாத லீவுக்கு ஈரோட்டிலிருந்து என் சித்தி பையன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, "நான்தான் இன்ஜின்" என்று முன்னால் போய் நின்றான். நாங்கள் சிரித்துவிட்டோம். "இன்ஜின்னா கடைசியில போய் நில்லுடா" என்றோம். அவனுக்குப் புரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ரயில் அது ஒன்றுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில். உதகைக்குப் போனது 1908-இல். மேலே ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். மலையடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடமெல்லாம் உண்டு. அங்கே தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு போட்டிருக்கும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன்பெட்டிக்காரர் கொடி காட்டுவார். இறக்கத்தில் விசில் கேட்டால் ஆளுக்கொரு பெட்டியாகப் பிரேக்கைத் திருகுவார்கள்.

ஆகவே எங்கள் ரயிலில் இருப்பதிலேயே குண்டான பையன் கடைசியில் நின்று தள்ளுவான். யாருக்கும் இன்ஜின் ஆக ஆசை இல்லை. எல்லாருக்கும் பிரேக்ஸ்மேன் ஆகவேண்டும். அம்மாவின் பச்சை ரவிக்கைத் துணிதான் கொடி. பல்லுக்கு என்ன செய்வது? ஒவ்வோர் அடிக்கும் "கடக் கடக்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தவன் வழுக்கிக் கல்லாற்றுக்கே போய்விட்டான் என்று அர்த்தம், திரும்ப முதலிலிருந்து வரவேண்டும். சித்தி பையன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் கொடி அவன் கையில்தான் இருந்தது.

பொம்மை என்று கடையில் வாங்கியது குறைவு. கற்பூர மரத்துக் காய் இருக்கிறதே, தைலம் காய்ச்சுகிற மரம், அதன் காய் பிறக்கும்போதே பம்பரமாகத்தான் பிறக்கும். விரலால் திருகிவிட்டால் சுற்றும். சட்டைப்பை முழுக்கத் தைல வாசம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் தாயம், பல்லாங்குழி. அதற்கு வேண்டிய புளியங்கொட்டை மட்டும் எங்கள் மலையில் விளையாது. பாட்டி கொட்டை எடுக்காத புளி வாங்கினால்தான் எங்களுக்கு ஆட்டம்.

எங்கள் ராஜ வாகனம் பேரிங் வண்டி. லாரிப் பட்டறையில் தேய்ந்து கழித்துப்போட்ட பேரிங் மூன்று வேண்டும். பட்டறை அண்ணனுக்கு ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்தால் கிடைக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய கிரீஸை எடுத்தால், விரலால் தட்டினதும் விர்ரென்று சுற்றும். எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆகாது, எங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்து கிடக்கும். தையல் மிஷின் எண்ணெயைத் திருடித்தான் விடுவோம். சில்வர் ஓக் பலகை. பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று. முன்கட்டையை ஒரே போல்ட்டில் மாட்டி, இரண்டு நுனியிலும் கயிறு கட்டினால் அதுதான் ஸ்டியரிங். பிரேக், ஹவாய் செருப்பின் குதிகால். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் வலது செருப்பு மட்டும் தேய்ந்திருக்கும். தார் ரோட்டில் இறங்கினால் கர்ரென்று ஒரு சத்தம், பல் கூசும். வளைவில் ஒருவன் நின்று, லாரி வந்தால் விசில் அடிக்க வேண்டும். விசில் அடிக்கத் தெரியாதவனுக்கு அந்த வேலை கிடையாது, அவன் வண்டியை மேலே தூக்கிக்கொண்டு வரவேண்டியவன்.

ஒருநாள் வளைவில் கயிறு அறுந்தது. வண்டி நேரே தேயிலைக்குள் போனது. அந்த வருஷம் பார்த்து அங்கே கவாத்து வெட்டியிருந்தார்கள். கவாத்து வெட்டிய செடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இலை ஒன்று இருக்காது, முட்டி உயரத்துக்கு வெறும் குச்சி, நுனியெல்லாம் சாய்வாகச் சீவிய ஈட்டி. ஒன்று என் கெண்டைக்காலில் ஏறியது. பாட்டி மஞ்சள் வைத்துக் கட்டினாள். அப்பா காலைப் பார்க்கவே இல்லை, பலகையைப் பார்த்தார். மாட்டுக் கொட்டகைக் கதவில் ஒரு பலகை எப்படிக் காணாமல் போனது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பலகை அந்த மழைக்காலத்தில் வெந்நீர் அடுப்புக்குள் போனது. பேரிங்கில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோம். படுக்கவைத்தால் அசையாது. நிமிர்த்தி மட்டும் வைத்துவிடக் கூடாது, கீழ்த்தெருவுக்குப் போய்விடும்.

வணக்கம்.