கம்பத்தின் மேல் ஒரு கண்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் இல்லாமலே, வேறு ஊரில் உட்கார்ந்து ஏடிசி வேலையை, அதாவது விமானங்களுக்கு வழிசொல்லிக் கட்டுப்படுத்துகிற வேலையை, செய்ய முடியுமா? அந்த வேலையில் காலம் கழித்தவன் நான். முடியும் என்றே சொல்வேன். பாதி வேலை எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. கடலூருக்கு மேலே முப்பதாயிரம் அடியில் பறக்கிற விமானத்தோடு பேசுகிறவர் சென்னையில் ரேடார் திரை முன்னால் இருக்கிறார். அந்த விமானத்தை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை.

கண் வேண்டியது டவரில்தான், விமான நிலையத்தில் ரன்வேயைப் பார்த்து நிற்கிற கோபுரத்தில். சக்கரம் இறங்கிவிட்டதா, ரன்வேயில் நாய் குறுக்கே வருகிறதா, பருந்து வட்டமிடுகிறதா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்த பிறகே இறங்கச் சொல்லுவோம்.

அந்தக் கண்ணையும் 2015-இல் சுவீடன் இடம் மாற்றிவிட்டது. ஏர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சின்ன நிலையத்தை சுண்ட்ஸ்வாலிலிருந்தே நடத்தினார்கள். 2021-இல் லண்டன் சிட்டி விமான நிலையம் முழுக்க அப்படி மாறியது. அங்கே 50 மீட்டர் கம்பத்தில் 16 கேமராக்கள். கண்ட்ரோலர்கள் இருப்பதோ ஸ்வான்விக்கில், நம்ம புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் தாண்டிப் போகிற தூரம். ரேடியோ பேசாமல் போனால் விமானிக்குப் பச்சை, சிவப்பு காட்ட டவரில் லைட் கன் வைத்திருப்போம், கையால் பிடித்துக் குறிபார்க்கிற விளக்கு. அதையும் கேமராவோடு சேர்த்துப் பொருத்தி, தூரத்திலிருந்தே திருப்புகிறார்கள். அதை அறிந்த அன்றுதான் என் சந்தேகம் தீர்ந்தது.

புதுச்சேரி விமான நிலையம் இருக்கிற லாஸ்பேட்டைக்கு வருகிற விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதுபோன்ற சிறிய நிலையங்களுக்குத்தான் இந்த ஏற்பாடு பொருந்தும்.

என் கவலை, கேமராப் படத்தைத் தூரத்துத் திரைக்குக் கொண்டுபோகிற கேபிளைப் பற்றித்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு, கடலூர்ப் பக்கம் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது எங்கள் வீட்டில் போன் சிக்னல்கூட இல்லை. புயல் நேரத்தில் விமானம் வராது, உண்மை. ஆனால் மறுநாள் நிவாரணத்துக்கு முதலில் வரவேண்டியதே விமானமும் ஹெலிகாப்டரும்தானே! அன்றைக்குத் திரை இருண்டிருந்தால் என்ன செய்வது?

லண்டனில் ஒன்றையொன்று சாராத மூன்று இணைப்புகள் போட்டிருக்கிறார்கள். நமக்கும் மூன்று வேண்டும். ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்தால், இன்னொன்று திண்டிவனம் வழியாக வரட்டும். மூன்றாவது தரையையே தொடாமல் செயற்கைக்கோள் வழியாக வரட்டும். மூன்றையும் ஐப்பசிக்கு முன்பே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.