மீன் தொட்டியில் நத்தை பெருகினால் முதலில் தீனி டப்பாவைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மணி இரவு பத்தரை. தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது, ஹால் விளக்கையும் அணைத்துவிட்டேன். கேமரா கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது. இப்போது டார்ச் அடிக்கிறேன், பாருங்கள்.

கற்கள் நகர்வது போலத் தெரிகிறதா? கல் இல்லை, எல்லாம் நத்தை. பகலில் இதே இடத்தில் நாலைந்துகூடக் கண்ணில் படாது. இது இரண்டடித் தொட்டி, 50 லிட்டருக்குப் பக்கம் தண்ணீர் பிடிக்கும். கப்பி என்கிற சின்ன மீன்கள், செர்ரி இறால்கள், கொஞ்சம் வாலிஸ்னேரியா என்கிற தண்ணீர்ச் செடி. நான் காசு கொடுத்து ஒரு நத்தைகூட வாங்கியது கிடையாது. செடியோடு வந்தவை.

மூன்று வகை இருக்கின்றன. இதோ, கூம்பு மாதிரி நீளமாக, திருகாணி போல இருப்பது டிரம்பட் நத்தை. பகலெல்லாம் கல்லுக்குள் புதைந்து கிடக்கும். இது முட்டை போடாது, குட்டியாகவே ஈனும், அதற்கு ஆண் நத்தை தேவையும் இல்லை. ஒன்றே ஒன்று வந்தால் போதும். அந்தத் தட்டைச் சுருள், ஜாங்கிரி மாதிரி இருப்பது ராம்ஸ்ஹார்ன். கண்ணாடியில் வேகமாகப் போகிறதே, மெல்லிய ஓட்டோடு, அது பிளாடர் நத்தை. அதுவும் துணை இல்லாமல் முட்டையிடும். இந்த இலையைத் திருப்பிக் காட்டுகிறேன். பின்பக்கம் ஜவ்வரிசிக் கஞ்சி ஒட்டியது போல ஒரு பசை இருக்கிறதல்லவா? அதற்குள் புள்ளி புள்ளியாக இருப்பதெல்லாம் முட்டை. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும்.

சரி, இதைக் கொல்ல மருந்து இல்லையா என்றுதான் கமெண்டில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். இருக்கிறது. நானும் ஊற்றினேன். போன வருடம் ஒரு கடையில் கொடுத்த நீல நிற மருந்து அது, காப்பர் கலந்தது. இறால் இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்கினேன், ஒன்றும் ஆகாது என்றார்கள். இறாலுக்குக் காப்பர் விஷம். முதல் நாளே எல்லா இறாலும் போய்விட்டன. நத்தைகளும் செத்தன, ஆனால் கல்லுக்குள்ளேயே செத்தன. அவற்றை எப்படிப் பொறுக்குவது? மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம். இத்தனை உடலும் ஒரே நேரத்தில் அழுகினால் மீனுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் ஏறாமல் என்ன செய்யும்? கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாதித் தண்ணீரை மாற்றினேன், சாயங்காலம் இன்னும் பாதி. அப்படியும் ஏழு கப்பிகளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஏழும் இந்தத் தொட்டியிலேயே பிறந்தவை. அதனால்தான் இந்த வீடியோவை எடுக்கிறேன். இன்னொருவர் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

இரண்டே மாதத்தில் நத்தைகள் பழையபடி நிறைந்துவிட்டன. அப்போதுதான் யோசித்தேன், இவ்வளவு நத்தை உயிர் வாழ்வதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? பாசியை மட்டும் தின்று இத்தனை இருக்காது. மீன் தின்னாமல் விட்ட தீனிதான். தீனி மிஞ்சினால் நத்தை பெருகும், மிஞ்சாவிட்டால் குறையும். தொட்டியில் எத்தனை நத்தை என்று எண்ணினாலே, நாம் எவ்வளவு அதிகமாகப் போடுகிறோம் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் போட்டது அப்பா. மீன்கள் அவரைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடி வரும். "பாவம், பசிக்குது போல" என்று ஒரு சிட்டிகை. காலையில் நான், மதியம் அவர், சாயங்காலம் மறுபடி அவர், இரவு மறந்துபோய் நான். மீனுக்குப் பசித்தாலும் வரும், பசிக்காவிட்டாலும் வரும் என்று சொன்னால் அவர் கேட்கவில்லை. அவரைப் போடவே கூடாது என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அது ஒரு சந்தோஷம். கடைசியில் இதைச் செய்தேன், கிட்டே காட்டுகிறேன். மாத்திரை போட்டு வைக்கும் ஏழு அறை டப்பா. ஒவ்வொரு அறையிலும் ஒரு நாளுக்கான தீனி. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுதான். ஞாயிறு அறை காலி, அன்று மீனுக்கு விரதம். நன்றாக வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. இப்போது தீனி போடுவது அப்பா மட்டும்தான், அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம்.

அப்புறம், ஏற்கெனவே இருக்கிற நத்தையை வெளியே எடுக்க வேண்டுமே. அதற்கு வெள்ளரிக்காய். கால் அங்குல கனத்தில் ஒரு வில்லை, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் மெத்தென்று ஆகும். அதில் எவர்சில்வர் முள்கரண்டியைக் குத்தி இப்படி இறக்கிவிட்டால் மிதக்காமல் அடியில் உட்கார்ந்துவிடும். போட்டாயிற்று. காலையில் பார்க்கலாம்.

காலை ஆறு மணி. வெள்ளரித் தோல் தெரிகிறதா? தெரியாது, அவ்வளவு நத்தை. கரண்டியை மெதுவாகத் தூக்க வேண்டும், வேகமாக எடுத்தால் பாதி உதிர்ந்துவிடும். அடியில் ஒரு வலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளரியை மதியம் வரை விட்டுவிடாதீர்கள், கரைந்து தண்ணீர் கலங்கிவிடும். எண்ணிவிட்டேன், 23. ஆறு வாரத்துக்கு முன்னால் முதல் தடவை போட்டபோது 140. வாரம் இரண்டு தடவை போடுகிறேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முட்டையைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிடலாம்.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமா? கிளவுன் லோச்சைக் கடையில் இரண்டு அங்குலத்தில் விற்பார்கள், ஆனால் அது ஓரடி வரை வளரும் மீன், கூட்டமாக வாழ்வது. இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது பாவம். கேரள ஆறுகளின் பட்டாணி பஃபர் ஓரங்குலம்தான், நத்தை என்றால் உயிர். ஆனால் கப்பி வாலைக் கடித்துக் குதறிவிடும், தனித் தொட்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள். என் தொட்டிக்கு அசாசின் நத்தைதான் பொருந்தும். மஞ்சள், பழுப்புப் பட்டை போட்ட ஓடு, மற்ற நத்தைகளைப் பிடித்துத் தின்னும். மெதுவாகத்தான் வேலை செய்யும், அவசரப்படக் கூடாது.

புதிதாகச் செடி வாங்கினால் நேரே தொட்டியில் நடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் வெளிச்சமான இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். முட்டை இருந்தால் அதற்குள் பொரித்துவிடும், குட்டி நத்தையைப் பொறுக்கிவிட்டு நடலாம்.

ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்க நான் முயலவில்லை. டிரம்பட் நத்தை கல்லைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடியில் அழுக்கு இறுகாது. பகலிலேயே கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால், தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். பத்து இருபது இருந்துவிட்டுப் போகட்டும்.

எடுத்த நத்தைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏரியிலோ சாக்கடையிலோ தயவுசெய்து விடாதீர்கள். உணவுக்காக வளர்க்கலாம் என்று 1980 வாக்கில் தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொண்டுவந்த தங்க ஆப்பிள் நத்தை, இன்று தென்கிழக்கு ஆசியா முழுக்க நெல் நாற்றை மேய்ந்துகொண்டிருக்கிறது. நான் கொதிநீரில் போடுகிறேன், நொடியில் முடிந்துவிடும். அதை அப்படியே மாடியில் ரோஜாத் தொட்டி மண்ணுக்குள் புதைத்துவிடுவேன். இந்த 23-ம் அங்கேதான் போகிறது. அப்பா எழுந்துவிட்டார், இன்றைக்கு வியாழன் அறை.