கழுதை, கட்டெறும்பு, மறுபடி கழுதை: ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தின் பல உருவங்கள்

[திரை இருட்டாக இருக்கிறது. மரத்தரையில் சக்கரங்கள் உருளும் சத்தம் மட்டும். பிறகு வயலின்.]

ஒரு இளைஞன் காலில் ஸ்கேட்டிங் சக்கரங்களைக் கட்டிக்கொண்டு, தோளில் வயலினைச் சாய்த்துக்கொண்டு, பெரிய மரக்கூடம் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறான். வாசிப்பும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊரே அவன் பின்னால் உருளத் தொடங்குகிறது. கம்பளிக் கோட்டும் முக்காடுமாக, கையில் காசில்லாத குடியேறிகள். அந்தக் கூடத்தின் பெயர்தான் ‘ஹெவன்ஸ் கேட்’. 1980-இல் வந்த இந்த ஹாலிவுட் படத்தின் பெயரும் அதுவே. நம் மொழியில் சொர்க்கவாசல்.

வயலின் வாசிப்பவர் டேவிட் மான்ஸ்ஃபீல்டு. படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தின் எந்தப் பதிப்பு நல்லது, எது மோசம் என்ற வழக்கையே இந்தச் சக்கரச் சத்தத்தை வைத்துத் தீர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

[திரையில் எண்கள் ஒவ்வொன்றாக: 325, 219, 149, 216, 108]

இவை எல்லாம் நிமிடங்கள். ஒரே படம், ஐந்து நீளம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை நமக்குத் தெரியும். கட்டெறும்பு திரும்பக் கழுதையான கதை சினிமாவில்தான் நடக்கும்.

முதலில், படத்தின் கதைக்கு அடிப்படையான போர். 1892 ஏப்ரலில் அமெரிக்காவின் வயோமிங்கில் நடந்தது ‘ஜான்சன் கவுண்டி போர்’. மாட்டுப் பண்ணைகளின் பெருமுதலாளிகள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். புதிதாக நிலம் பிடித்து வந்த சிறு பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளைத் திருடுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைப் பிடித்து, கொல்ல வேண்டியவர்களின் பட்டியலோடு ரயில் ஏறினார்கள். நேட் சாம்பியன் என்பவரைச் சிறு வீடு ஒன்றில் முற்றுகையிட்டு, வீட்டுக்குத் தீ வைத்து, வெளியே ஓடி வந்தபோது சுட்டார்கள். முற்றுகைக்குள் இருந்தபடியே அவர் ஒரு சிறு நோட்டில் நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார். விஷயம் பரவியதும் ஊர் திரண்டு வந்து, படையெடுத்து வந்தவர்களையே ஒரு பண்ணையில் வளைத்துக்கொண்டது. கடைசியில் ராணுவம் வந்தது. யாரைக் காப்பாற்ற என்று நினைக்கிறீர்கள்? முதலாளிகளையும் அவர்களுடைய கூலிப்படையையும்.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டவர் மைக்கேல் சிமினோ. அவருடைய ‘தி டீர் ஹண்டர்’ 1979 ஏப்ரலில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஐந்து ஆஸ்கர்களை வாங்கியது. ஒரு வாரத்தில் மொன்டானாவில் இந்தப் படப்பிடிப்பு தொடங்கியது. ஆஸ்கர் வாங்கிய கையோடு வந்த மனிதரிடம் ‘செலவைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்று யார் சொல்வது? படப்பிடிப்பின் ஆறாம் நாளே வேலை ஐந்து நாள் பின்தங்கிவிட்டது. தெரு அகலம் போதவில்லை என்று அரங்கத்தைப் பிரிக்கச் சொன்னாராம். ஒரு பக்கத்தை மட்டும் ஆறு அடி தள்ளினால் போதுமே என்று கேட்டதற்கு, இல்லை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி தள்ள வேண்டும் என்றாராம். இன்றும் ஹாலிவுட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை இது. முடிவில் செலவு சுமார் 4.4 கோடி டாலர். எடுத்துத் தள்ளிய ஃபிலிம் 13 லட்சம் அடிக்கு மேல். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் 240 மணி நேரம் வரும். பத்து நாள் தூங்காமல் பார்க்கலாம்.

அதிலிருந்து வந்த முதல் உருவம் 325 நிமிடம். ஐந்தே கால் மணி நேரத்துக்கும் மேல். 1980 ஜூனில், படத்தைத் தயாரித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் அதிகாரிகளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். இது வேலைப் பிரதி (தொகுப்பு முழுதாக முடியாத பிரதி), இன்னும் ஒரு பதினைந்து நிமிடம் குறையும் என்றார். அதிகாரிகள் திகைத்துப்போனார்கள். இதை வெளியிட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த உருவத்தைப் பொதுமக்கள் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே இதைப் பற்றி ரசிகர்கள் காணும் கனவுக்கு அளவில்லை. பார்க்காத படம் எப்போதும் நல்ல படம்தான்.

[திரையில்: நியூயார்க் தியேட்டர் வாசல், நவம்பர் 1980]

இரண்டாவது 219 நிமிடம். 1980 நவம்பரில் நியூயார்க்கில் இடைவேளையோடு திரையிட்டார்கள். இடைவேளையில் ஷாம்பெயின் வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை என்பார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி எழுதிய விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது: சொந்த வீட்டு வரவேற்பறையையே நான்கு மணி நேரம் கட்டாயமாகச் சுற்றிக் காட்டியதுபோல் இருந்தது என்றார். ஒரே வாரத்தில் படம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறும்படி கேட்டதே சிமினோதான். நிறுவனத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் விளம்பரமாகவே வந்தது.

மூன்றாவது 149 நிமிடம். 1981 ஏப்ரல். எழுபது நிமிடம் போய்விட்டது. இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நீளமான படத்தில் மூன்று வட்டங்கள் இருக்கின்றன. முதல் வட்டம் 1870-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். பட்டமளிப்பு முடிந்து பணக்காரப் பிள்ளைகள் புல்வெளியில் மரத்தைச் சுற்றி வால்ட்ஸ் ஆடுகிறார்கள். (ஹார்வர்டு என்று காட்டுவது உண்மையில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு.) இரண்டாவது வட்டம் இருபது ஆண்டுகள் கழித்து, சொர்க்கவாசல் கூடத்தில், நாம் தொடக்கத்தில் கேட்ட சக்கரச் சத்தம். மூன்றாவது வட்டம் போர்க்களத்தில். குடியேறிகள் வண்டிகளிலும் குதிரைகளிலும் கூலிப்படையைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே சுடுகிறார்கள், புழுதி எழும்பி எல்லாரையும் விழுங்குகிறது.

முதல் இரண்டு வட்டங்களும் அளவுக்கு மீறி நீள்கின்றன. ‘போதுமே’ என்று நமக்கே தோன்றுகிறது. ஆனால் மூன்றாவது வட்டம் வரும்போது, அங்கே சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரிகிறது. கூடத்தில் வழுக்கி விழுந்து சிரித்த முகம் இப்போது சேற்றில் கிடக்கிறது. ஆட்டத்தை அனுபவித்த உடம்புகள்தான் போரிலும் சுற்றுகின்றன என்பதைப் படம் ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிடுகிறது.

கத்தரி பிடித்தவரின் நிலையில் இருந்து யோசியுங்கள். எழுபது நிமிடத்தைக் குறைக்க வேண்டும். சண்டையில் பெரிதாகக் கை வைக்க முடியாது, டிக்கெட் வாங்குகிறவர் அதற்காகத்தான் வருகிறார். முக்கோணக் காதலிலும் கை வைக்க முடியாது. காவல் அதிகாரியான மார்ஷல் ஏவரில்லாகக் கிரிஸ் கிறிஸ்டோபர்சன், எல்லா என்ற பெண்ணாக இசபெல் உப்பேர், நேட் சாம்பியனாகக் கிறிஸ்டோபர் வாக்கன், மூவரும் போஸ்டரில் இருக்கிறவர்கள். மிச்சம் இருப்பது என்ன? காத்திருப்பு, ஆட்டம், கூட்டம், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத ஊர்ச்சபை. அதாவது ஊர். குறுக்கிய பதிப்பில் காட்சிகளின் வரிசையும் மாறியது, சில இடங்களில் வேறு டேக்குகளையே எடுத்துப் போட்டார்கள். ஆகவே அது சுருங்கிய படம்கூட இல்லை, வேறு படம். ஓர் ஊரின் போர், மூன்று பேரின் காதல் தகராறாகிப் பின்னணியில் துப்பாக்கிச் சத்தம் கேட்பதாக ஆனது.

அதுவும் ஓடவில்லை. வசூல் மொத்தமாக 35 லட்சம் டாலர் அளவில் நின்றது. சாப்ளினும் நண்பர்களும் 1919-இல் தொடங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தை, அதன் உரிமையாளர்கள் அந்த ஆண்டே எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்கு விற்றார்கள். நிறுவனத்தில் அதிகாரியாக இருந்த ஸ்டீவன் பாக் இந்தக் கதையைப் புத்தகமாகவே எழுதினார்.

[திரையில்: பழைய தொலைக்காட்சிப் பெட்டி]

படத்தைத் திரும்ப உயிர்ப்பித்தது தியேட்டர் இல்லை, டிவி. லாஸ் ஏஞ்சலிஸில் ‘இசட் சேனல்’ என்ற கட்டணக் கேபிள் அலைவரிசை இருந்தது. 1982 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அதன் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஜெர்ரி ஹார்வி 219 நிமிடப் பதிப்பை ஒளிபரப்பினார். ‘இயக்குநரின் பதிப்பு’ என்ற சொல் பரவலாவதற்கு இந்த மாதிரி ஒளிபரப்புகள்தான் காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த 219 நிமிடமும் அவசரத்தில் முடித்த பதிப்புதான். தோற்றதால் அது ‘ஒரிஜினல்’ என்ற பட்டம் பெற்றது.

அடுத்தது 216 நிமிடம். 2012-இல் வெனிஸ் திரைப்பட விழாவில், சிமினோ மேற்பார்வையில் டிஜிட்டல் முறையில் சீரமைத்த பிரதியைக் காட்டினார்கள். மூன்று நிமிடம்தானே குறைவு, இதில் என்ன இருக்கிறது என்று கடந்துபோய்விடாதீர்கள். எனக்கு எல்லாவற்றிலும் சுவையான பகுதி இதுதான்.

படத்தைச் சீரமைக்க அசல் நெகட்டிவைத் தேடிப் போனால், 149 நிமிடப் பதிப்புக்காக அதையே வெட்டியிருந்தார்கள். வேறு வழி என்ன? நல்ல வேளையாக, நீளப் பதிப்பிலிருந்து முன்பே எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதிகள் இருந்தன. வண்ணப் படத்தின் மஞ்சள், நீலப்பச்சை, கருஞ்சிவப்பு ஆகிய மூன்று அடிப்படை நிறங்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு சுருள். நிறச் சாயம் காலப்போக்கில் மங்கும், கறுப்பு வெள்ளை அவ்வளவு எளிதில் மங்காது. அதனால் பெரிய ஸ்டுடியோக்கள் இப்படிப் பிரித்து வைப்பது வழக்கம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வண்ணம் திரும்ப வரும். ஆனால் முப்பது ஆண்டில் மூன்று சுருளும் மூன்று விதமாகச் சுருங்கியிருக்கும். ஒரு மயிரிழை விலகினாலும் குதிரையின் காதோரத்தில் சிவப்பு வழியும். ஃபிரேம் ஃபிரேமாகப் பொருத்தினார்கள்.

[திரை இரண்டாகப் பிரிகிறது: இடப்பக்கம் பழுப்பு மூட்டத்தில் ஒரு சமவெளி, வலப்பக்கம் அதே சமவெளி, பச்சைப் புல்லும் நீல வானமுமாக]

வண்ணம் திரும்ப வந்தது, பழைய வண்ணம் வரவில்லை. 1980-இல் ஒளிப்பதிவாளர் வில்மோஸ் ஜிக்மண்ட் கொடுத்திருந்தது பழுப்பேறிய பழைய புகைப்படத்தின் தோற்றம். புழுதியும் புகையும் ஜன்னல் வழியே விழும் தூசிக்கற்றையுமாக. அதைத்தான் அன்றைய விமர்சகர்கள் திட்டினார்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கொண்டு வந்து திரையைத் துடைக்கத் தோன்றுகிறது என்று 1981-இல் ரோஜர் ஈபர்ட் எழுதினார். 31 ஆண்டுகள் கழித்து இயக்குநரே துணியை எடுத்துத் துடைத்துவிட்டார்! பழுப்பு போய், மலை மலையாகவும் புல் புல்லாகவும் தெரிகின்றன.

இது நல்லதா? எனக்கு இரண்டு மனசு. பழுப்பில் பார்த்தால் இது நடந்து முடிந்துபோன கதை, தாத்தாவின் பெட்டியில் கிடைத்த புகைப்படம். பச்சையில் பார்த்தால் அந்த நிலம் இன்றும் அங்கே கிடக்கிறது, அதற்காகத்தான் அவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்பது உறைக்கிறது. போர்க்காட்சிக்குப் பச்சை கூர்மை தருகிறது. ஆனால் அந்த ஸ்கேட்டிங் கூடத்துக்கு என் வாக்கு பழுப்புக்குத்தான். பதிப்பு என்றதும் எல்லாரும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு ஃபிரேமைக்கூட வெட்டாமல், நிறத்தை மட்டும் மாற்றிப் படத்தின் காலத்தையே மாற்றிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

108 நிமிடப் பதிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 2014-இல் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க், யாரும் கேட்காமலே, தன் கைப்பட வெட்டி இணையத்தில் போட்டார். பெயரே ‘கசாப்புக்காரர் பதிப்பு’. நேர்மையான பெயர். ஒரு படத்தொகுப்பாளரின் பயிற்சி என்ற அளவில் பார்க்கலாம். ஊர் அதில் இல்லை.

எந்தப் பதிப்பும் சரிசெய்யாத விஷயங்களும் உண்டு. வரலாற்றில் எல்லா வாட்சன் என்ற பெண்ணும் ஜிம் ஏவரில்லும் இந்தப் போருக்கு முன்பே, 1889 ஜூலையில், தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள். அவர்கள் போர்க்களத்தைப் பார்க்கவே இல்லை. உண்மையான நேட் சாம்பியன், படத்தில் வருவதுபோல் முதலாளிகளின் கூலியாள் இல்லை, அவர்களுடைய எதிரி. ஜான்சன் கவுண்டியின் சிறு பண்ணையாளர்களில் பெரும்பாலோர் படத்தில் காட்டுவதுபோல் கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகளும் இல்லை. இன்னொன்று, படப்பிடிப்பில் விலங்குகளை நடத்திய விதம். அதற்கு எழுந்த எதிர்ப்புதான், ஹாலிவுட் படப்பிடிப்புகளில் விலங்குகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு வலுப்பெறக் காரணமாயிற்று. படத்தில் வரும் சேவல் சண்டை நடிப்பில்லை. பிரிட்டனின் தணிக்கை வாரியம் அதை வெட்டியே அனுமதித்தது. எல்லா வெட்டுகளிலும் நான் குறை சொல்லாத வெட்டு அது ஒன்றுதான்.

சரி, எதைப் பார்ப்பது? 216 நிமிடப் பதிப்பைப் பாருங்கள். குறைந்துபோன அந்த மூன்று நிமிடத்தில் போனது பெரும்பாலும் இடைவேளை அட்டைதான். படத்தின் நடுவே மூச்சு வாங்க இடம் வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே இடைவேளையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஆடி முடித்துக் கலைந்துவிடும். காலியான கூடத்தில் ஏவரில்லும் எல்லாவும் மட்டும் வயலினுக்கு ஆடுவார்கள். அந்த ஆட்டம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

[சக்கரச் சத்தம். மெல்லத் தேய்கிறது.]