வேலியே பயிரை மேய்ந்த கதை: சோவியத் நீதிமன்றம்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைத் தானே பேசிவிட்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வழக்கறிஞர் நண்பர்களே, சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். நீதியரசர் முன்னால் சட்டம் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

கம்யூனிச ஆட்சியில் அரசியல் கொள்கை நீதித்துறையை என்ன செய்கிறது என்பதுதான் தலைப்பு. சட்டம், நீதிபதி, வழக்கறிஞர் என்று மூன்றாகப் பார்க்கலாம். எந்த மேடையிலும் நான் சொல்லும் பழமொழிதான் இங்கேயும்: வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி?

முதலில் சட்டம். 1917 புரட்சி முடிந்த கையோடு பழைய நீதிமன்றங்களைக் கலைத்துவிட்டு, புரட்சிகர மனச்சாட்சி சொல்கிறபடி தீர்ப்பு எழுதச் சொன்னார்கள். ரஷ்யக் குடியரசின் 1926ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 16ஆவது பிரிவு என்று ஒன்று. ஒரு செயல் சமூகத்துக்கு ஆபத்தானது என்று பட்டு, அதற்கென்று தனிப் பிரிவு இல்லாமல் போனால், அதை ஒத்த வேறு பிரிவில் தண்டிக்கலாம். செய்யும்போது குற்றமில்லை, பிடித்த பிறகு குற்றம்! எதிரி யார் என்று கட்சி சொல்லும், பிரிவை நீதிமன்றம் தேடிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் நிகோலாய் கிரிலென்கோ. சாதாரண ஆள் இல்லை. லெனின் காலத்தில் படைத்தளபதி, அப்புறம் புரட்சித் தீர்ப்பாயங்களில் அரசு வழக்கறிஞர், 1928 ஷாக்தி நிலக்கரிச் சுரங்க வழக்கில் பொறியாளர்கள்மீது குற்றம் சாட்டி வாதாடியவர், கடைசியில் நீதித்துறைக்கே மக்கள் ஆணையர், அதாவது அமைச்சர். சதுரங்கப் பைத்தியம். பாமீர் மலை ஏறுவதிலும் அதே பைத்தியம். சட்டம் நெகிழ்வாக இருக்கட்டும், இந்தக் குற்றத்துக்கு இத்தனை ஆண்டு என்றெல்லாம் கட்டிப்போடாதீர்கள் என்று வாதாடியவரும் இவரே. 1938 ஜனவரியில் உச்ச சோவியத் என்ற அவர்களுடைய நாடாளுமன்றத்தில் அஜர்பைஜான் கட்சித் தலைவர் பாகிரோவ் எழுந்து, இவர் சதுரங்கத்திலும் மலையேற்றத்திலும் பொழுதைப் போக்குகிறார், துறையைக் கவனிப்பதில்லை என்று ஒரு குத்துக் குத்தினார். அந்த மாதம் முடிவதற்குள் கைது. ஜூலை 29ஆம் தேதி ராணுவ நீதிமன்றம் முன்னால் நிறுத்தினார்கள். விசாரணை இருபது நிமிடம் நடந்ததாகச் சொல்வார்கள். ஒரு வாய்தா வாங்கக்கூட அந்த நேரம் போதாது! அன்றைக்கே சுட்டுவிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்தது, அப்புறம் வேலி போட்டவரையும் மேய்ந்தது.

அடுத்து நீதிபதி பற்றி, அவருக்கு மேலிடத்திலிருந்து வரும் தொலைபேசி பற்றியெல்லாம் நிறைய வைத்திருந்தேன். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், சரி, அதை விடுகிறேன்.

மூன்றாவது, வழக்கறிஞர். என் உயிர்நாடியான இந்த விஷயத்தை மட்டும் விடமாட்டேன். லெனின்கிராட் கட்சித் தலைவர் கிரோவ் கொல்லப்பட்ட 1934 டிசம்பர் 1ஆம் தேதியே ஒரு சட்டம் வந்தது. பயங்கரவாத வழக்குகளில் புலனாய்வு பத்து நாளில் முடிய வேண்டும், குற்றப்பத்திரிகை நீதிமன்ற விசாரணைக்கு ஒருநாள் முன்னால்தான் கையில் கிடைக்கும், வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. ஸ்டாலின் போன பிறகு 1958இல் சீர்திருத்தம் செய்தார்களே, 16ஆவது பிரிவின் வழியைக்கூட அடைத்தார்களே, அப்போதும் பொதுவாகப் புலனாய்வு முடிந்த பிறகுதான் வழக்கறிஞர் உள்ளே வரலாம். அதற்குள் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். கொள்கை எந்த நிறமாகவும் இருக்கட்டும், பிடிபட்டவர் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தில்தான் வேலி மேய ஆரம்பிக்கிறது. அதனால்தான் கைதான நிமிடத்திலிருந்து வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் மேடை மேடையாகக் கேட்கிறோம். கையெழுத்துப் படிவம் வாசலில் இருக்கிறது. நீதியரசர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், பேராசிரியர் இன்னும் யோசிக்கிறார், அவரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.