1859 அரசாணையும் நம்ம ஞாயித்துக்கிழமை வகுப்பும்

வணக்கம் மக்களே! நாகர்கோவில்ல மழை கொட்டுது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கோங்க. நேத்து வகுப்பு முடிஞ்சதுல இருந்து இத உங்ககிட்ட சொல்லாம இருப்பு கொள்ளல.

நம்ம ஞாயித்துக்கிழமை வகுப்புதான் உங்களுக்குத் தெரியுமே. தனித்தேர்வரா பத்தாங்கிளாஸ் எழுதப் போற அக்காமார், பாதியில படிப்ப விட்ட பையன்மார். சாதிக் கொடுமையை எதிர்த்த ஐயா வைகுண்டர் பாடம் வந்துச்சு. எடுத்ததுமே கைடை மூடச் சொல்லிட்டேன். எனக்கு அந்தக் கைடைக் கண்டாலே எரிச்சல். ஒரு மார்க் விடை, உடனே அடுத்த பாடம். அவரோட ஊரு சாமித்தோப்பு இங்க பக்கத்துல இருக்கு, அவரை திருவிதாங்கூர் ராஜா ஏன் ஜெயில்ல போட்டாருன்னு பேசவே விடாது.

அதான் தோள்சீலைக் கலவரத்துக்கு, அதாவது நாடார் பெண்கள் மார்பை மறைச்சு உடுத்துற உரிமைக்காக நடந்த போராட்டத்துக்கு, அப்புறம் 1859 ஜூலை 26-ல வந்த திருவிதாங்கூர் அரசாணையை தமிழ்ல அடிச்சுக்கிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். ஏ3 ஒரு பக்கம் 15 ரூபாயாம்! கறுப்பு வெள்ளைக்கு! அக்காமாருக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஏ3-யும் வேணும். விடல, வடசேரி வரைக்கும் நடந்தேன். அங்க 8 ரூபாய். 8 ரூபாய் மக்களே! தாளும் நல்ல தடிமன்.

ஆ, இடையில ஒண்ணு விட்டுட்டேன். ஐயா 1851-லயே மறைஞ்சுட்டாரு, இந்த ஆணையை அவர் பார்க்கல. தோள்சீலைத் தகராறு 1820-கள்லயே பத்திக்கிச்சு. மெட்ராஸ் கவர்னர் ட்ரெவிலியன் நெருக்கின பிறகுதான் மகாராஜா இறங்கி வந்தாரு.

சரி, ஒரு அக்கா எழுத்துக் கூட்டி வாசிச்சாங்க. நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்கள் மாதிரி குப்பாயம், அதாவது சட்டை போடலாம், மீன்பிடிக்கிற முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி சுத்திக்கலாம், எப்படி வேணா மார்பை மறைக்கலாம், உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது. கடைசி வரியை அவங்களே திரும்ப வாசிச்சுட்டு, "அப்போ முழுசா விடலியே டீச்சர்?"ன்னாங்க.

அதுக்குள்ள கடற்கரைப் பையன் ஒருத்தன் எழுந்து, "எங்க ஆளுக பேரு இதுல எதுக்கு?"ன்னான். அதான் கேள்வி! இவ்வளவு தாழ்வா உடுத்தினா போதும்னு காட்ட அவன் பூட்டிமாரை அளவுகோலா வச்சிருக்கு அரசாங்கம். அந்த வகுப்புல இருக்கிற நாடார், முக்குவர் ரெண்டு கூட்டத்துக்கும் இதே தாள்ல பங்கு இருக்கு. மீதி நேரம் முழுக்க அவங்க ரெண்டு பேரும்தான் பேசினாங்க, எனக்கு அதைவிட என்ன வேணும்!

அடுத்த வாரம் 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச ஆணை, ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களையும் திருவிதாங்கூர் கோயிலுக்குள்ள விட்ட ஆணை. குளச்சல், முட்டம் பக்கம் பார்க்கிறவங்க, உங்க பாட்டிமார் உடுப்பைப் பத்திச் சொன்னது ஏதாவது ஞாபகம் இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. பேர் சொல்லாம வகுப்புல வாசிக்கிறேன்.