எல்லைப் பகுதிப் பள்ளியில் ஆங்கிலப் பாடவேளை: விளையாட்டைத் திட்டமிடுவது எப்படி?

[திரையில்: கொழிஞ்சாம்பாறை பஸ் நிலையம், காலை நேரம். சீருடையில் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள்.]

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கிழக்கு ஓரத்தில் இருக்கிறது சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. தமிழ்வழி வகுப்புகளும் இங்கே இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் சேர்ந்துகொள்கின்றன.

"இத்தனை மொழிக்கு நடுவில் ஆங்கிலம் எங்கே ஏறும்?" என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. கண்டக்டரிடம் ஒரு மொழி, பாட்டியிடம் ஒரு மொழி என்று நொடியில் மாறத் தெரிந்த பிள்ளைக்கு மொழி பயன்படுத்துவது புதிய வித்தை அல்ல. மற்ற இரண்டு மொழியையும் அது காரியம் ஆவதற்காகப் பேசுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் காரியம் எதுவும் ஆவதில்லை. பதில் எழுதினால் மதிப்பெண், அவ்வளவுதான். ஆங்கில வகுப்பில் விளையாட்டு எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஆங்கிலம் பேசினால்தான் காரியம் நடக்கும் என்ற நிலையை அந்த நாற்பது நிமிடத்துக்காவது உண்டாக்க.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

[திரையில்: கரும்பலகை. ஒரு மாணவி எழுதுகிறாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.]

முதலில் ஒரு கணக்கு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடவேளை நாற்பது நிமிடம். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் விளையாட்டு என்றால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒரு நிமிடம். விதிமுறை சொல்வதற்கும், கைதட்டுவதற்கும், சண்டையை விலக்குவதற்கும் போன நேரத்தைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது. இருவர் இருவராக உட்கார வைத்து இருபது நிமிடம் பேச விட்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேட்பு. பலகையில் எழுத்து எழுத்தாகச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தால் தாராளமாக ஆடலாம். ஆனால் அதை நம்பி ஒரு பாடவேளையைத் திட்டமிட வேண்டாம். தவறு செய்தவர் வெளியேற வேண்டிய விளையாட்டுகளையும் நான் தவிர்த்துவிடுவேன். அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் அதில் முதலில் வெளியே போய் உட்காருகிறது.

சரி, திட்டத்தை எங்கே தொடங்குவது? விளையாட்டிலிருந்து தொடங்கக் கூடாது. மணி அடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் எந்த வாக்கியத்தைப் பத்துத் தடவையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தை எழுதுங்கள். அதற்குக் கீழே, "இதைச் சொல்லாமல் பிள்ளையால் எதைத் தெரிந்துகொள்ள முடியாது?" என்று எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் விளையாட்டு பாதி தயார்.

[திரையில்: இரண்டு அட்டைகள் பக்கம் பக்கமாக. இரண்டிலும் பஸ் கால அட்டவணை. ஒவ்வொன்றிலும் சில கட்டங்கள் காலி.]

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். "வென் டஸ் த பொள்ளாச்சி பஸ் லீவ்?" இதுதான் நம் வாக்கியம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு அட்டைகள் தயார் செய்யுங்கள். இரண்டிலும் அதே ஆறு பஸ்கள்: பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி, கோயம்புத்தூர், மீனாட்சிபுரம், வேலந்தாவளம். நேரங்களை நீங்களே கற்பனையாகப் போட்டுக்கொள்ளலாம். முதல் அட்டையில் மூன்று பஸ்களின் நேரம் இருக்கும், மற்ற மூன்று காலி. இரண்டாவது அட்டையில் அந்த மூன்றும் இருக்கும், முதலில் உள்ளவை காலி. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். அட்டையைக் காட்டக் கூடாது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

முதுகோடு முதுகு என்பதை விட்டுவிடாதீர்கள். முகம் பார்த்து உட்கார்ந்தால் ஒரு பிள்ளை அட்டையை எட்டிப் பார்த்துவிடும், அல்லது விரலைக் காட்டி வேலையை முடித்துவிடும். முதுகு திரும்பியிருந்தால் காது ஒன்றுதான் வழி. "எய்ட் ஃபிஃப்டீன்" என்றானா, "எய்ட் ஃபிஃப்டி" என்றானா என்ற குழப்பம் வரும். வரட்டும். "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று பிள்ளை தானாகத் திருப்பிக் கேட்கும் அந்த இடத்துக்காகத்தான் ஒரே அட்டவணையில் பதினைந்தையும் ஐம்பதையும் வேண்டுமென்றே போட வேண்டும்.

வாய் திறக்காத பிள்ளைக்கு இந்த அமைப்பு மிகவும் உதவுகிறது. "நீயும் பேசு" என்று யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. பக்கத்துப் பிள்ளைக்குத் தேவையான மூன்று நேரங்கள் அதன் கையில் இருக்கின்றன. கேட்டு வருவார்கள். "செவன் தர்ட்டி" என்ற இரண்டு சொல் போதும், அன்றைக்கு அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசியிருக்கிறது.

அட்டவணை நிரம்பியதும் நிறுத்திவிடாதீர்கள். இனிமேல்தான் சுவையான பகுதி. பலகையில் ஒரு சிக்கலை எழுதுங்கள்: பொள்ளாச்சியில் கல்யாணம், பத்து மணிக்கு முகூர்த்தம். வழியில் கோபாலபுரத்தில் இறங்கிப் பாட்டியை அழைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி மெதுவாகத்தான் நடப்பார். அட்டவணையில் உள்ள பொள்ளாச்சி பஸ்ஸில் புறப்பட்டால் நேரத்துக்குப் போய்ச் சேரலாமா? இப்போது "பிகாஸ்" வரும், "டூ லேட்" வரும், "நோ, கிராண்ட்மதர் வாக்ஸ் ஸ்லோலி" வரும். இலக்கணப் புத்தகத்தில் "பிகாஸ்" பற்றி ஒரு பக்கம் எழுதிப் போடுவதைவிட, பாட்டியை விட்டுவிட்டுப் போகலாமா கூடாதா என்ற வாதம் அதை ஆழமாகப் பதிய வைக்கும்.

[திரையில்: தென்னிந்திய வரைபடம். சென்னை, பெங்களூர் இரண்டும் ஒளிர்கின்றன.]

சிக்கலைக் கொடுத்து அதன் வழியாக மொழியைப் பழக்கும் இந்த முறை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் இதைச் செய்து பார்த்தார். பெங்களூர் திட்டம் என்று ஆங்கிலம் கற்பிப்போர் உலகெங்கும் இதை அறிவார்கள். இலக்கண விதியை முன்கூட்டியே சொல்லித் தராமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல்களைக் கொடுத்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவர் பெறுவது, இருக்கும் தகவலை வைத்து யோசித்து முடிவுக்கு வருவது, சொந்தக் கருத்தைச் சொல்வது என்று வேலைகளை மூன்று வகையாகப் பிரித்தார். யோசித்து முடிவு காணும் வகைதான் வகுப்பில் நன்றாக எடுபட்டது என்பது அவர் கண்டது. நம் அட்டை விளையாட்டு முதல் வகை. பாட்டி விவகாரம் இரண்டாம் வகை.

அவரிடமிருந்து இரண்டு பழக்கங்களை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, பிள்ளைகளிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன் அதே போன்ற இன்னொரு வேலையை ஆசிரியர் முழு வகுப்போடும் சேர்ந்து செய்து காட்டுவது. விதிமுறையை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையே இல்லாமல் போகும். இரண்டாவது, அளவுகோல். வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது சரியாகச் செய்தால் அந்த வேலை அந்த வகுப்புக்கு ஏற்றது. அதற்குக் கீழே போனால் கடினம் என்று பொருள். எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் வேலை எளிதாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

[திரையில்: நான்கு துண்டுச் சீட்டுகள். ராஜா, மந்திரி, போலீஸ், திருடன்.]

அடுத்தது பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த ஆட்டம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் திருடன் என்று போலீஸ் கண்டுபிடிக்கும் ஆட்டத்தை ஆடாத பிள்ளை உண்டா? அதைக் கொஞ்சம் நீட்டினால் இறந்தகாலப் பாடம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும்.

நேற்று மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பள்ளித் தோட்டத்தில் பத்துத் தேங்காய் திருடு போய்விட்டது. சந்தேகப்படுவது இருவரை. "நாங்கள் இருவரும் அந்த நேரம் ஒன்றாக வேறு இடத்தில் இருந்தோம்" என்கிறார்கள். அவர்கள் வராந்தாவுக்குப் போய்க் கதையை ஒத்துப் பேசிக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் வகுப்பு நான்கு போலீஸ் அணிகளாகப் பிரிகிறது. ஓர் அணிக்குச் சாப்பாடு, ஓர் அணிக்கு உடை, ஓர் அணிக்குப் பயணம், ஓர் அணிக்கு அங்கே பார்த்த ஆட்கள். ஒவ்வோர் அணியும் தன் துறையில் ஐந்து கேள்வி எழுத வேண்டும்: "வேர் டிட் யூ ஈட்?", "ஹூ பெய்ட் ஃபார் த பரோட்டா?", "வாட் கலர் வாஸ் த பிளேட்?"

பிறகு ஒருவனை மட்டும் உள்ளே அழைத்து விசாரிக்க வேண்டும். அவன் பதில்களை எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். அடுத்தவனை அழைத்து அதே கேள்விகள். ஒருவன் காசு கொடுத்தது மாமா என்பான், மற்றவன் "ஐ பெய்ட்" என்பான். வகுப்பே எழுந்து நிற்கும். பதில்கள் மூன்று இடத்தில் மாறினால் குற்றம் உறுதி.

இதில் கேள்வி அமைப்பு தானாகவே சரியாகி வருவதைப் பார்க்கலாம். தமிழில் "சாப்பிட்டாய்" என்பதோடு ஒரு "ஆ" சேர்த்தால் கேள்வி ஆகிவிடுகிறது. அதனால் நம் பிள்ளைகள் "யூ ஏட் பரோட்டா?" என்று குரலை உயர்த்தி நிறுத்திவிடுவது வழக்கம். விதியை ஒருமுறை இப்படி வையுங்கள்: "டிட்" வர வேண்டிய இடத்தில் அது இல்லாத கேள்விக்குச் சந்தேகத்துக்கு உள்ளானவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கேள்வி ஒன்று வீணாகப் போவதைப் பார்த்ததும், அடுத்த கேள்விக்குள் அணியே கூடிக் கூடி வாக்கியத்தைத் திருத்தும். ஆசிரியர் சொல்லித் திருத்துவதைவிட அது வலுவானது.

[திரையில்: வராந்தாச் சுவரில் ஒட்டிய தாள். ஒரு மாணவன் படித்துவிட்டு வகுப்புக்குள் விரைகிறான்.]

ஓடிப் படித்து வந்து சொல்லும் டிக்டேஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வரி எழுதிய தாளை வராந்தாச் சுவரில் ஒட்டுங்கள். இருவரில் ஒருவர் போய்ப் படித்து, மனத்தில் வைத்து, வந்து சொல்ல வேண்டும். மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாற வேண்டும். படித்தல், பேசுதல், கேட்டல், எழுதுதல் நான்கும் ஒரே வேலையில் வந்துவிடுகின்றன. பாடப் புத்தகத்தில் உள்ள பத்தியையே ஒட்டாமல், ஊர்ச் செய்தியை எழுதுங்கள்: முதலமடை மாம்பழம், வாளையார் செக்போஸ்ட், தென்னந்தோப்பில் மேயும் ஆடு. கூட்டமாக இருந்தால் தாளை மூன்று நான்கு இடத்தில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரே கதவில் முட்டிக்கொள்வார்கள்.

பக்கத்து வகுப்புக்குச் சத்தம் போகுமே என்ற கவலை நியாயமானது. முந்தைய நாளே பக்கத்து ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வகுப்பைக் கட்டுப்படுத்தப் பிள்ளைகளைக் கத்தி அடக்க வேண்டாம், நீங்கள் கையை உயர்த்தினால் பார்த்தவர்களும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும் என்று பழக்குங்கள். சில வகுப்புகளிலேயே படிந்துவிடும்.

விளையாட்டு நடக்கும்போது தமிழோ மலையாளமோ வந்துவிட்டால்? விதிமுறையைத் தமிழில் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. மலையாளம் பேசும் பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையே விளக்கிவிடும். அணிக்குள் கூடி யோசிக்கும்போதும் வீட்டு மொழி வரலாம். தகவல் கைமாறும் வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்கு அபராதம் எதுவும் வேண்டாம். "இன் இங்கிலீஷ், ப்ளீஸ்" என்று பதிலை நிறுத்தி வைக்கும் உரிமையை எதிரில் உள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் போதும்.

நடுவில் குறுக்கிட்டுத் திருத்துவதையும் தவிர்க்கப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளோடு வகுப்பைச் சுற்றி வந்து, காதில் விழும் பிழைகளைப் பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அவற்றில் மூன்றைப் பலகையில் எழுதி, "இதைச் சரிசெய்யலாமா?" என்று வகுப்பிடமே விட்டுவிடலாம். மூன்று போதும். பத்து எழுதினால் ஒன்றும் நிற்காது.

[திரையில்: பழைய கல்யாணப் பத்திரிகை உறைகள். ஒவ்வொன்றின் மேலும் வகுப்பும் வாக்கியமும் எழுதப்பட்டிருக்கின்றன.]

அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றில் போட்டு, மேலே வகுப்பையும் அந்த ஒரு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து நேரங்களை மட்டும் மாற்றி அதே விளையாட்டை மீண்டும் ஆடுங்கள். விதி ஏற்கனவே தெரிந்திருப்பதால் முழு நேரமும் பேச்சுக்கே கிடைக்கும். மூன்றாம் முறை அட்டைகளைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும். பஸ் நிலையத்தில் நின்று உண்மையான நேரங்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். மலையாளத்திலோ தமிழிலோ கேட்டு வந்ததை, மறுநாள் வகுப்பில் ஆங்கிலத்தில் கைமாற்றுவார்கள். ஆறாம் வகுப்பினர் தயாரித்த அட்டையை ஏழாம் வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.